ராஜபாய் டீச்சர் தனியாக நடத்திய கூட்டம்

பூவரசங்கோட்டில் ராஜபாய் டீச்சரைப் பிடித்தவர்கள் என்று யாரும் கிடையாது. டீச்சருக்கும் அந்த ஊரில் ஒருவரையும் பிடிக்காது. மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்தவள். தப்பாகப் போட்டவன் கையில் பிரம்பு விழும். அவன் அப்பன் வந்து ஏன் என்று கேட்டால் அப்பனுக்கு வாயால் விழும். புருஷன் ஆபேல் கம்பவுண்டர் காலமான பிறகு, அந்த வாயைப் பொறுத்துக்கொள்ளவும் வீட்டில் ஆள் இல்லாமல் போயிற்று.

பென்ஷனை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. எங்கே ஒரு கமிட்டி கூடினாலும் அங்கே போய் நின்று, "நானும் உண்டு" என்பாள். சபைக் கமிட்டி, பள்ளிக்கூடக் கமிட்டி, காலரா வந்த வருஷம் கிணறுகளுக்கு மருந்து போடுகிற கமிட்டி எல்லாவற்றிலும் அவள் பெயர் இருந்தது. ஊர்மேல் கொண்ட பாசத்தினால் இல்லை. உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்கள் ஒரு துரும்பையும் கிள்ளிப் போடுவதில்லை என்கிற எரிச்சல்தான் காரணம். பாசத்தினால் போனவர்கள் இரண்டு மாதத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். எரிச்சலில் போனவள் நிலைத்து நின்றாள்.

கொல்லம் 1109-ல், அதாவது இங்கிலீஷ் கணக்குக்கு 1933-ல், டவுன் கமிட்டியில் ஓர் இடம் காலியாயிற்று. டீச்சர் யார் காலையும் பிடிக்கவில்லை. தானே தன் பெயரை எழுதித் திருவனந்தபுரத்துக்கு மனு அனுப்பினாள். அங்கே யாருக்கு என்ன தோன்றியதோ, நியமன உத்தரவு வந்துவிட்டது.

கமிட்டியின் பிரசிடெண்ட் நாராயணபெருமாள் பிள்ளை. கண்ணுக்கெட்டிய வயல் அவருடையது. சந்தை வாசல் வளைவில் சலவைக்கல்லில் வெட்டியிருக்கிற பெயரும் அவருடையது. உத்தரவைப் படித்துவிட்டு, டீச்சர் காதில் விழட்டும் என்றே சொன்னார்: "மாரு மறைக்க மேல்முண்டு போடுகதுக்கு மல்லுக்கட்டின கூட்டமாக்கும். இப்ப நாற்காலிக்கும் வந்தாச்சு."

அவர் அப்படிச் சொன்னதில் டீச்சருக்கு ஆச்சரியம் இல்லை. அதற்குச் சிரித்தவர்களில் யோவானும் இருந்ததுதான் குத்தியது. யோவான் கொப்பரை வியாபாரி, அவளுடைய சொந்தச் சபையின் டீக்கனார். "பெண்டுகள் சபையில பேசாம இருக்கணும்னாக்கும் வேதம் சொல்லுது, டீச்சர்" என்றார்.

"இது சபை இல்ல யோவான். சந்தைக் கமிட்டி" என்றாள் டீச்சர்.

முதல் கூட்டத்திலேயே அவள் கண்ணில் பட்டது சுவர்தான். யோவானையும் டீச்சரையும் தவிர மற்ற ஐந்து பேரும் புகையிலை போட்டு வெற்றிலை மெல்லுவார்கள். இருந்த இடத்திலிருந்தே மூலையைப் பார்த்துத் துப்புவார்கள். கூட்ட அறை கசாப்புக் கடை மாதிரி இருந்தது. அறைக்குள் யாரும் துப்பக் கூடாது, துப்பினால் அபராதம் என்று டீச்சர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். அழுகிற பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கிற மாதிரி, பிரசிடெண்ட் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். சுகாதார சப் கமிட்டிக்கு ஆள் கேட்டபோது வேறு யாரும் கை தூக்கவில்லை. அதையும் அவள் தலையில் கட்டினார்கள்.

அதன் பிறகுதான் செசிலியின் விஷயம் வந்தது.

செசிலி முட்டம் கடற்கரைக்காரி. விடியும் முன்னே ஓலைப்பெட்டிக் கடவம் நிறைய மீனைத் தலையில் ஏற்றினால் வெயில் ஏறும்போது பூவரசங்கோட்டுச் சந்தையில் இறக்குவாள். டீச்சர் பத்து வருஷமாக அவளிடம்தான் சாளை வாங்குகிறாள். ஒரு வெள்ளிக்கிழமை உச்சிவெயிலில் செசிலி கடவத்தின்மேலேயே மயங்கி விழுந்தாள். டீச்சர் முகத்தில் தண்ணீர் தெளித்து, குடிக்கக் கொடுத்தாள். செசிலி வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"குடிட்டி. எப்ப தண்ணி குடிச்ச?"

"நேத்து ராத்திரி, டீச்சர்."

"பைத்தியமா உனக்கு?"

"குடிச்சா போகதுக்கு எடம் வேண்டாமா? ஓடைக்கரைத் தாழங்காட்டுக்குப் போனா வண்டிக்காரன்மாரு வந்து நின்னு சீட்டியடிக்கான். சந்தைக்கு வாற பெண்டுக ஒருத்தியும் வீட்டுக்குப் போகது வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டா."

நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக செசிலி ஒரு மாதம் படுத்தாள். டீச்சருக்கு அன்றைக்கு யார்மேல் அதிகக் கோபம் வந்தது என்றால், தன்மேல்தான். பத்து வருஷம் மீனின் கண்ணைப் பார்த்துப் பார்த்து வாங்கியவள், விற்கிறவளின் காய்ந்த உதட்டை ஒரு நாளும் பார்க்கவில்லையே என்று நினைக்க நினைக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சந்தையின் வடமேற்கு மூலையில் கமிட்டியின் இடம் சும்மா கிடந்தது. சர்க்கார் கிராண்டும் செலவாகாமல் கிடந்தது. வேண்டியது ஒரு தீர்மானம். வெட்டுகல்லில் சுவர் எழுப்பி, ஓலை வேய்ந்து, பெண்களுக்கு ஒரு மறைவிடம்.

அடுத்த கூட்டத்தில் டீச்சர் எழுந்து, "சந்தைக்கு வருகிற பெண்களுக்கு" என்று ஆரம்பித்ததுமே பிரசிடெண்ட் கன்னம் புடைக்க எழுந்தார். உள்ளே துப்பக் கூடாதே! வராந்தாவுக்குப் போனார். அவர் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். யோவான் வெற்றிலையே போடாதவர், அவரும் போனார். யாரும் திரும்பவில்லை. ஏழு பேரில் நாலு பேராவது இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது. ரைட்டர் கிருஷ்ணமணி தொண்டையைச் செருமிக்கொண்டு, கூட்டம் அடுத்த வெள்ளிக்கு ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதினார். வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது.

மூன்று மாதம் இதே கூத்து. அவளுடைய தீர்மானத்தையே அவள் வாயில் திணிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாயிற்று. ஒத்திவைத்த வெள்ளிக்கிழமைக்கு யாரும் வருவதில்லை. ஒத்திவைத்த கூட்டம் என்பது அந்தக் கமிட்டியின் வழக்கத்தில் செத்த கூட்டம். கிருஷ்ணமணி கதவில் நோட்டீஸ் ஒட்டுவார், ஒரு வாரம் கழித்துக் கிழிப்பார், அவ்வளவுதான்.

வழக்கம் அப்படி. ரூல் எப்படி? கமிட்டியின் ரூல் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அதைப் பிரித்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. டீச்சர் அதை வீட்டுக்கு வாங்கிப்போய், பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி வரி வரியாகப் படித்தாள்.

நாலாவது முறையும் அவர்கள் துப்பப் போனார்கள். நாலாவது முறையும் கூட்டம் வெள்ளிக்குத் தள்ளிப் போயிற்று. அந்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டீச்சர் கமிட்டி ஆபீசுக்கு வந்தாள். வேறு ஆள் இல்லை. நேரே போய் பிரசிடெண்டின் நாற்காலியில் உட்கார்ந்தாள். கிருஷ்ணமணி பதறி எழுந்தார்.

"டீச்சர், அது பிரசிடெண்டுக்க நாற்காலியாக்கும்."

"பிரசிடெண்ட் வராட்டா வந்த மெம்பர் தலைமை தாங்கலாம். இந்தா பாரும், பதினாலாவது ரூல். பதினாறாவதும் வாசியும். ஒத்திவச்ச கூட்டத்துக்கு இத்தனை பேரு வேணும்னு கணக்குக் கிடையாது."

கிருஷ்ணமணி மூன்று முறை வாசித்தார். "ஒருத்தரே கொண்டுவந்து ஒருத்தரே நிறைவேற்றுகதா? இது ஞாயமா டீச்சர்?"

"ஆறு பேரு சேந்து வராந்தாவுல போய் நின்னது ஞாயமா? எழுதும் ரைட்டரே. எழுத மாட்டேன்னா, எழுத மாட்டேன்னு அதையும் எழுதும்."

அவர் எழுதினார். இரண்டு முறை மை சிந்தியது. தீர்மானத்தை டீச்சர் உரக்கப் படித்தாள். எதிர்ப்பு உண்டா என்று காலி நாற்காலிகளைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். அவள் ஆயுளில் இவ்வளவு சந்தோஷமாக எதையும் செய்ததில்லை.

நாராயணபெருமாள் பிள்ளை தீர்மான நோட்டைக் கிழிக்கப் போனார், அவருடைய வக்கீல் தடுத்துவிட்டார். பாஸான தீர்மானத்தை ஆறு மாதத்துக்குத் தொடக் கூடாது என்றும் அதே புத்தகத்தில் இருந்தது. அந்த ஆறு மாதமும் டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு கொத்தனார் தலைமேலேயே நின்றாள். சுவர் எழும்பியது. கதவு வந்தது. அந்த வருஷம் அவளை ஆலயத்தில் யாரும் பக்கத்தில் உட்கார விடவில்லை. ஒத்தையில் கூட்டம் போட்டவள் ஒத்தையில் உட்காரட்டும் என்றார்கள்.

ஆறு மாதம் முடிந்த மறுநாளே விசேஷக் கூட்டம். சந்தை மறைவிடத்தை இடித்து வண்டி நிறுத்தம் கட்டுவது என்பது ஒரே விஷயம். ஏழு பேரும் வந்தார்கள். ஐந்து பேர் வழக்கம்போல வாய் நிறைய வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

டீச்சர் முதல் நாளே செசிலியிடம் சொல்லியிருந்தாள்: "எல்லாரும் வந்து வராந்தாவுல உக்காருங்க. வாயத் திறக்காண்டாம்." முப்பது நாற்பது பெண்கள் மீன் கடவங்களோடு வந்து வராந்தாவை அடைத்து உட்கார்ந்தார்கள். வராந்தாவில் இடம் கிடைக்காதவர்கள் ஜன்னலடியில் உட்கார்ந்தார்கள்.

ஐந்து பேர் வாயிலும் எச்சில் ஊறிக்கொண்டே வந்தது. உள்ளே துப்பினால் அபராதம், பிரசிடெண்ட் கையெழுத்திட்ட தீர்மானம். வெளியே துப்ப வேண்டுமானால் மீன்காரிகளைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். அதைவிட அந்தப் பெரிய மனிதர்கள் செத்துப்போவார்கள். தீர்மானத்தைக் கொண்டுவர வேண்டிய எண்ணெய்ச் செக்குக்கார மெம்பர் புகையிலைச் சாற்றை விழுங்கிவிட்டு எழுந்தார். எழுந்த வேகத்தில் தலை சுற்றி மேஜையில் கவிழ்ந்தார். மற்றவர்கள் கன்னத்தை ஊதிக்கொண்டு யோவானைப் பார்த்தார்கள். வாய் காலியாக இருந்த ஆண் அவர் ஒருவர்தான்.

யோவான் எழுந்தார். பேச வாயைத் திறந்தவர் வாசலைப் பார்த்தார். அங்கே செசிலியின் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலையில், சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தது அவருடைய மனைவி பூங்கனி. டீச்சர் அவளைக் கூப்பிடவே இல்லை. பூங்கனி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். யோவான் உட்கார்ந்துவிட்டார்.

முன்மொழிய ஆள் இல்லாததால் விஷயம் தள்ளப்பட்டது என்று கிருஷ்ணமணி எழுதினார். இந்த முறை மை சிந்தவில்லை.

அடுத்த நியமனப் பட்டியலில் டீச்சர் பெயர் இல்லை. மறைவிடத்தின் சுவரில் யாரோ கரியால் கொட்டை எழுத்தில் 'ராஜபாய் பங்களா' என்று எழுதி வைத்தார்கள். சந்தையே சிரித்தது. வெள்ளையடிக்க ஆள் அனுப்பட்டுமா என்று கிருஷ்ணமணி கேட்டார். கிடக்கட்டும் என்றாள் டீச்சர். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். உள்ளதைச் சொன்னால், சலவைக்கல்லில் தன் பெயரும் ஒரு மூலையில் இருந்தால் என்ன என்று அவளுக்கும் ஒரு ஆசை இருந்தது.

இரண்டு வாரம் சந்தைப் பக்கம் போகவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, உச்சிவெயிலில், சாளை வாங்கப் போனாள். செசிலி முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்துக் கடவத்துக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"ஏட்டி, கடவத்தப் பாத்துக்க. நான் ராஜபாய்க்குப் போயிட்டு வாறேன்."

"போயிட்டு வா. நீ வந்த பொறவு நான் ராஜபாய்க்குப் போகணும்."

கேலியே இல்லை. கடைக்குப் போகிறேன், ஆற்றுக்குப் போகிறேன் என்பதுபோலச் சொன்னார்கள். டீச்சருக்கு முகம் சுட்டது. திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தாள், போகவில்லை. செசிலி திரும்பி வந்து டீச்சரைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். என்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்தில் இருந்த செம்பை எடுத்து, அண்ணாந்து மடக்கு மடக்கென்று தண்ணீர் குடித்தாள்.

"குடிட்டி" என்றாள் டீச்சர். "இன்னும் குடி."