கடைசி ஆள்

கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் அப்படியே படித்துக்கொள்ளுங்கள். இது எனக்கு நடந்தது. நடத்தி வைத்தவள் என் கூடப் பிறந்தவள். அதனால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

அக்காவுக்கு ஒரு மாதமாகத் தூக்கம் இல்லை. ஆளே பாதியாகியிருந்தாள். இடுப்பு வரை இருந்த முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். "மலைப்பக்கம் ஒரு நடை போயிட்டு வரலாம், வர்றியா?" என்றாள். அம்மா போன பிறகு எனக்குத் தலைவாரி வளர்த்தவள் ஆயிற்றே, உடனே அவள் காரில் கிளம்பினேன். அவள் மகள் குட்டி, "சித்தி, நானும்!" என்று காலைக் கட்டிக்கொண்டாள்.

"அவ வேண்டவே வேண்டாம்" என்று அக்கா கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை.

திராட்சைத் தோட்டத்து வாசலில் தொடங்கி மேலே ஏறி, காட்டுக்குள் போய், குகையைப் பார்த்துவிட்டு, மறுபக்கமாகச் சுற்றி அதே வாசலுக்கு வரும் பாதை அது. வாசலில் ஓர் அம்மா கொடி கத்தரித்துக்கொண்டிருந்தார். க்ளிக்... க்ளிக்... எங்களைப் பார்த்ததும் அவர் கை நின்றது.

"மூணு பேரும் இருட்டறதுக்குள்ள இறங்கிடுங்க."

"ரெண்டு பேர்தாம்மா. கண்ணாடியைப் போடுங்க" என்று சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

சின்ன வயதிலிருந்தே என்னை முன்னால் விட்டுத்தான் அவள் நடப்பாள். அன்றும் அப்படித்தான். தோட்டம் முடிந்து காடு வந்தது. கத்தரிக்க ஒரு கொடிகூட இல்லை. ஆனால் அக்காவுக்குப் பின்னால்... க்ளிக்.

"கேக்குதாக்கா?"

"பேசாம நட."

குகைக்குள் ஒரே குளிர். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப நான் முன்னாடி போறேன். நீ வெளிய வரும்போது 'கடைசி ஆள் நான்தான்'னு சத்தமாச் சொல்லு."

"என்னக்கா விளையாட்டு இது?"

"எனக்காகச் சொல்லுடி."

சொன்னேன். எதிரொலி வரவில்லை.

என் காதோரம்... க்ளிக்.

"அக்கா... நில்லு!"

அவள் ஓடினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

யாரோ என் பின்னலைத் தூக்கினார்கள்.

க்ளிக்.

வாசலுக்கு எப்படி வந்தேனோ தெரியாது. காரும் இல்லை, அக்காவும் இல்லை. பின்னலின் நுனி, கொடியை நறுக்குவது போலச் சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. அந்த அம்மா என் தோளுக்குப் பின்னால் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"குகையை விட்டுக் கடைசியா வர்றவங்க, 'என் பின்னால யாருமில்ல'ன்னு சொல்லிட்டுத்தான் வரணும். அதுதான் எங்க வழக்கம். உங்கக்கா போன மாசம் தனியா வந்தா. தெரியாம, சொல்லாமலே வெளிய வந்துட்டா, உள்ள இருந்தது அவ பின்னாலயே வந்துடுச்சு. அப்புறம் ஓடி வந்து அழுதா. 'உன்மேல உயிரா இருக்கிறவங்க யாராவது உனக்காகக் கடைசி ஆளா நின்னா அது உன்னை விட்டுடும்'னு நான்தான் வாய் தவறிச் சொன்னேன். பாவி, தங்கச்சியையே கூட்டிட்டு வருவான்னு நினைக்கலையே!"

அன்று இரவு அக்காவுக்குப் போன் செய்தேன்.

"ஏன்கா... என்னைப் போயா?"

ஒரு கொட்டாவிச் சத்தம். பிறகு, "வேற யாருடி நான் கூப்பிட்டா கேள்வி கேக்காம வருவா?"

தினமும் காலையில் தலையணையில் முடி கிடக்கிறது. இப்போது கழுத்து வரைக்கும் வந்துவிட்டது. முடி தீர்ந்தால் அடுத்து எது என்று தெரியவில்லை.

நேற்று குட்டி போன் செய்தாள்.

"சித்தி, என்னையும் மலைக்குக் கூட்டிட்டுப் போறியா?"

நான் இன்னும் மாட்டேன் என்று சொல்லவில்லை.