மூன்றாவதாக வரும் குதிரை

என் கணவர் உண்மையிலேயே பணம் கட்டிக் குதிரைப் பந்தயம் ஆடியிருந்தால், நான் இப்போது இருப்பதைவிட நிம்மதியாக இருந்திருப்பேனா? பணம் போயிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அம்மாவிடம் போனில் அழுதிருப்பேன். எல்லோரும் என் பக்கம் நின்றிருப்பார்கள். இப்போது என்னுடைய குறை என்னவென்று சொன்னால் சிரிப்பார்கள்.

எங்கள் வீடு வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக வந்திருக்கும் தெருக்களில் ஒன்றில் இருக்கிறது. என் கணவரின் அக்கா, கீழ்பென்னாத்தூரில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறி வந்துவிடுவார். சாப்பிட்டதும் அக்காவும் தம்பியும் கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, போனில் பெங்களூர் ரேஸைப் போட்டுவிடுவார்கள். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் எனக்குக் குரல் மட்டும் கேட்கும்.

"நாலாம் நம்பர், பத்து வின்."

"போடா, அது எங்க வரப்போவுது. எனக்கு ரெண்டாம் நம்பர். அஞ்சு பிளேஸ்."

பத்து என்றால் பத்தாயிரமா? வீட்டுக் கடன் இருக்கிறது, மகளை எல்.கே.ஜி.யில் சேர்த்திருக்கிறோம். கணவரிடம் கேட்டால், "சும்மா ஜாலிக்கு" என்றார். அவர் குளிக்கப் போனபோது பேங்க் மெசேஜ்களைப் பார்த்தேன். எதுவும் இல்லை. இல்லாததே பயத்தைக் கூட்டியது. பிறகு பள்ளி வாசலில் மகளுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் பந்தய விதிகளைப் போனில் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எம்.எஸ்சி. படித்தவளுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன்.

வின் என்றால் நாம் சொன்ன குதிரை முதலில் வர வேண்டும். பிளேஸ் என்றால் முதல் சில இடங்களில் ஒன்றில் வந்தால் போதும், கிடைப்பது கம்மி. டனாலா என்று ஒன்று: முதல் மூன்று குதிரைகளையும் அதே வரிசையில் சொல்ல வேண்டும். அதிகம் பேர் பணம் கட்டும் குதிரைக்குப் பேவரிட் என்று பெயர். எல்லோரும் நம்புவதாலேயே அது ஜெயித்தால் பெரிதாக ஒன்றும் வராது. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. எங்கள் வீட்டில் நானும் அந்த மாதிரிதான். எல்லாவற்றையும் சரியாகச் செய்வேன் என்று எல்லோருக்கும் தெரியும். செய்து முடித்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்க் கேட்டேவிட்டேன். "ஏங்க, பத்து வின்னா பத்தாயிரமா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணிக்குப் புரையேறிவிட்டது.

"பத்து போண்டாம்மா! பத்தாயிரம் இருந்தா நான் ஏன் வளையல் வித்துகினு இருக்கறேன்?"

என் மாமனாரை நான் பார்த்ததில்லை. சென்னை ரேஸ் மைதானத்து கேண்டீனில் சமையல் வேலை செய்தவர் என்று மட்டும் தெரியும். லீவு நாட்களில் பிள்ளைகள் இருவரும் அவருடன் போவார்களாம். காசு வைக்கக் கூடாது, மீந்த போண்டாவை வைத்து ஆடிக்கொள்ளுங்கள் என்பாராம். அந்த ஆட்டம்தான் இன்னும் நடக்கிறது. தோற்றவர் தெருமுனை டீக்கடைக்குப் போய் வாங்கிவர வேண்டும். கணக்கில் பத்து, கையில் ஆளுக்கு ஒன்று.

அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். ஆனால் என் கணவர் சிரித்த சிரிப்பு மனதைவிட்டுப் போகவில்லை. என்னிடம் "ஆபீஸ்ல என்ன?" என்றால் "ஒண்ணுமில்ல" என்பவர். அக்காவிடம் எத்தனை பேச்சு! அந்தக் குதிரைக்கு இந்த முறை எடை ஜாஸ்தி, இது மழை பெய்த மண்ணில் நன்றாக ஓடும், அந்த ஜாக்கி கடைசியில்தான் விரட்டுவான். ஒரு வாக்கியத்தை அவர் தொடங்கினால் அண்ணி முடிப்பார். திருமணமாகி ஐந்து வருடத்தில் என் வாக்கியம் எதையும் அவர் முடித்ததில்லை.

போன மாதம் பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. கிரிவலக் கூட்டம். பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அண்ணி இன்று வரமாட்டார் என்று காலையிலிருந்தே எனக்குள் ஒரு சந்தோஷம். கறிக்குழம்பு இல்லாத நாள் என்பதால், பிடித்த வத்தக்குழம்பாவது இருக்கட்டும் என்று கணவருக்காக வைத்தேன். சாப்பிட உட்காரும்போது வாசலில் செருப்புச் சத்தம். அண்ணி அவ்வளவு தூரமும் வெயிலில் நடந்தே வந்திருந்தார். "இன்னாடா, மூணாவது ரேஸ் ஆரம்பிச்சிட்டானா?" என்று கேட்டுக்கொண்டே நுழைந்தார். எனக்காக யாரும் இப்படி நடந்து வந்ததில்லை என்று நினைத்தபடி தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்தப் பந்தயத்தில் எட்டுக் குதிரைகள். ஒன்று ஓட்டம் தொடங்கும் கதவுக்குள் நுழைய மறுத்து முரண்டு பிடித்ததால் அதை விலக்கிவிட்டார்கள். அண்ணியின் குதிரை மூன்றாவதாக வந்தது.

"அஞ்சு பிளேஸ்! எழுந்திருடா, போண்டா வாங்கினு வா."

நான் கதவோரம் நின்றிருந்தேன். வாய் தானாகத் திறந்துகொண்டது. "அண்ணி, ஏழுதான ஓடுச்சு? எட்டுக்குக் கம்மியா ஓடுனா முதல் ரெண்டுக்குத்தான் பிளேஸ். மூணாவதுக்குக் கிடையாதுங்க."

என் கணவர் வியப்போடு என்னைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா, இவ சொல்றது கரெக்டு!" அந்தப் பார்வைக்காக எவ்வளவு வேண்டுமானாலும் படித்திருக்கலாம் என்று தோன்றியது.

"எங்கம்மா கத்துக்கின இதெல்லாம்?" என்றார் அண்ணி. அவருக்குக் கோபமே இல்லை. "அது ரேஸ்காரங்க ரூலு. எங்க வூட்டு ரூலு வேற. எத்தினி குதிரை ஓடுனாலும் மூணாவதுக்கு உண்டு. இவனுக்காக எங்கப்பா போட்டது. இவன் புடிக்கிற குதிரை எல்லாம் மூணாவதாத்தான் வரும். ஒடனே கேண்டீன் பின்னாடி போயி குந்திகினு அழுவான்."

"அக்கா, போதும் விடு."

"கண்ணு ரெண்டும் வீங்கிப்பூடும்மா!"

என் கணவரின் காது சிவந்துவிட்டது. அவர் அழுவார் என்பதே எனக்குத் தெரியாது. என் பிரசவத்தின்போதுகூட முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டுதான் நின்றார். நான் படித்த விதிகளில் இதெல்லாம் எங்கே இருந்தது?

"அடுத்த வாரம் நீயும் ஒரு நம்பர் சொல்லும்மா. எந்நேரமும் அடுப்பாண்டயே நின்னுகினு இருக்கற" என்றார் அண்ணி. அவர் மடியில் உட்கார்ந்திருந்த என் மகள், "அத்தை, எனக்கு நாலு! வின்!" என்று கத்தினாள்.

அடுத்த வாரமே பள்ளி வாசலில் மிஸ் என்னைக் கூப்பிட்டார். "உங்க பாப்பா பிஸ்கட் வச்சுப் பந்தயம் கட்டறா மேடம். கிரவுண்டுல யாரு ஃபர்ஸ்ட் வருவாங்கன்னு. மூணாவதா வர்றவங்களுக்கும் பிஸ்கட் உண்டாம்." அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குக் கூசிப்போயிற்று. ஆனால் வீட்டுக்கு வரும் வழியிலேயே கூச்சம் போய், கையில் ஏதோ கிடைத்துவிட்டது போல மனசு துள்ளியது. இப்போது எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. யாரும் சிரிக்க முடியாத காரணம்.

கணவரிடம் சொன்னேன். குழந்தை சூதாட்டப் பேச்சு பேசுகிறாள் என்று, கொஞ்சம் கூட்டியே சொன்னேன். அவர் வாதாடுவார் என்று எதிர்பார்த்தேன்.

"நீ வேணாம்னு சொன்னா நிறுத்திடறேன். அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன்" என்றார். சற்று நேரம் கழித்து, "ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடு. அவ பஸ் ஏறிடப்போறா" என்றார்.

இன்று வெள்ளிக்கிழமை. இன்னும் சொல்லவில்லை. வேண்டாம் என்றால் அண்ணி வருவது மெல்ல நின்றுவிடும். ஞாயிறு மதியம் கணவர் எனக்கே எனக்கென்று இருப்பார், ஒன்றும் பேசாமல். நடக்கட்டும் என்று நானும் போய் உட்கார்ந்தால், அவர்கள் சிரிப்பதற்கெல்லாம் காரணம் கேட்டுக் கேட்டுச் சிரிக்க வேண்டியிருக்கும். போண்டாவில் தொடங்கியது நாளைக்கு மகளிடம் பணத்தில் போய் முடியுமோ என்ற பயமும் பொய்யில்லை. அந்தப் பயம் எவ்வளவு, பொறாமை எவ்வளவு என்றுதான் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இதைப் படிப்பவர்களிடம், குழந்தையை மட்டும் நினைத்துச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதி வரும்போது அது நேர்மையில்லை என்று படுகிறது. கணவருக்கு அக்கா இருக்கிறவர்களும், தம்பி வீட்டுக்குப் போய்வருகிற அக்காக்களும், என் பொறாமையையும் சேர்த்தே எடைபோட்டுச் சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்லட்டுமா, போய் ஒரு நம்பர் சொல்லட்டுமா?