ஊருக்கெல்லாம் ஒரே ரத்தம்

அந்த வீட்டின் சின்ன மருமகள் பெரிய ஆஸ்பத்திரியில் தரவுத்தளம் பார்க்கிறவள். வந்து போகிற நோயாளிகளின் விவரம் முழுக்க அவள் கையில்தான். "கம்ப்யூட்டர்ல அப்படி என்னம்மா வேலை?" என்று மாமியார் கேட்டால், "வீடு பெருக்குறதுதான் அத்தை. பெருக்கினா யார் கண்ணுக்கும் தெரியாது, பெருக்கலைன்னா எல்லார் கண்ணுக்கும் தெரியும்" என்பாள்.

காலையில் போனதும் கம்ப்யூட்டர் வட்டில் இடம் இருக்கிறதா, இரவு எடுத்துவைத்த விவர நகல் ஒழுங்காக வந்ததா, எந்த வார்டில் திரை நகராமல் நிற்கிறது என்று பார்ப்பாள். பக்கத்து மேசைக்காரனை எல்லாரும் மொட்டை என்பார்கள். அவனும் அவளுமாக ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். விவரத்தில் எதையாவது மாற்றுமுன் கட்டளையை வாய்விட்டுப் படிக்க வேண்டும், மற்றவர் கேட்டு 'ம்' கொட்ட வேண்டும். அப்புறம்தான் பொத்தான்.

அன்று ஆபரேஷன் பிரிவு நர்ஸ் கூப்பிட்டாள். "லாரி டிரைவர் ஒருத்தர். சோதனையில பி பாசிட்டிவ். திரையில ஓ பாசிட்டிவ்னு நிக்குது, பழைய பதிவுங்கிறதால எங்களால மாத்த முடியல. டாக்டர் காத்திருக்கார், கொஞ்சம் சீக்கிரம்."

மொட்டை டீ குடிக்கப் போயிருந்தான். அவளே தட்டினாள். ரத்த வகையை பி பாசிட்டிவ் ஆக்கு. உறுதி செய். யாருக்கு என்கிற வரி மட்டும் விட்டுப்போனது.

ஒருவர் மாறினார் என்று வரவேண்டிய இடத்தில் ஆறு இலக்கத்தில் ஒரு எண் நின்றது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். நேற்றுப் பிறந்த குழந்தை, மூட்டுவலிக் கிழவர், அத்தனை பேரும் பி பாசிட்டிவ்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?" என்று வந்தான் மொட்டை.

"எல்லாரையும் மாத்திட்டேன்."

"யாரை?"

"எல்லாரையும்யா."

சிரிக்கப் போனவன் திரையைப் பார்த்தான். கையிலிருந்த டீ சட்டையில் சாய்ந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை.

விஷயம் கேட்டு ஓடிவந்த மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "நகல் இருக்குல்ல? சத்தமில்லாம ஏத்திடுங்க. வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்."

"நாம நகல் ஏத்துறதுக்குள்ள அங்க ரத்தம் ஏத்திட்டாங்கன்னா, சார்?" அதற்குள் போனைக் கையில் எடுத்திருந்தாள். "ரத்த வங்கியா? திரையில இருக்கிற ரத்த வகையை யாரும் நம்பாதீங்க. தப்பு என்னோடது."

அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் மெல்ல வந்தது. "இப்பதான் ஒரு பையைக் கையில எடுத்தேன்மா. வச்சிட்டேன்."

வார்டு வார்டாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் நகலைத் தொட்டாள்.

நேற்றைய நகலிலிருந்து ரத்த வகைகள் திரும்பின. இன்று சேர்ந்தவர்களை நர்ஸுகளே சோதனைச் சீட்டைப் பார்த்துப் பதிந்தார்கள். அப்பாடா என்று சாய்ந்தவளை மறுபடி போன் எழுப்பியது.

"டிரைவருக்குப் பழையபடி ஓ பாசிட்டிவ்னு காட்டுதேம்மா."

எல்லாரையும் திருப்பிக் கொண்டுவந்த நகல், அந்தப் பழைய தப்பையும் சேர்த்தே கொண்டுவந்திருந்தது. திரும்ப அதே கட்டளையைத்தான் தட்டியாக வேண்டும். விரல் இறங்க மறுத்தது.

மொட்டை நாற்காலியை இழுத்துப் போட்டான். "முதல்ல யாருக்குன்னு அடி. அப்புறம் என்னன்னு அடி."

அடித்தாள். வாய்விட்டுப் படித்தாள்.

"இன்னொரு தடவை படி."

படித்தாள்.

"ம்."

அழுத்தினாள். ஒருவர் மாறினார் என்று வந்தது. நர்ஸ் நன்றி சொல்லி வைத்த பிறகும் அந்த 'ஒருவர்' மேலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.