பனையும் செம்பனையும்

மகளின் வகுப்பை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போன அன்று, துணைக்குப் போன பெற்றோரில் நானும் ஒருத்தி. மழை தூறிக்கொண்டிருந்தது. நியூசிலாந்தில், இந்த ஓக்லாந்தில் தூறாத நாள் எது? ஓராங் ஊத்தான் குரங்குத் தாய் ஒன்று, அங்கே கிடந்த சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, குட்டியையும் அதற்குள் இழுத்து வைத்துக்கொண்டது. நான் உருகிப்போனேன். பராமரிக்கும் பெண் பேசிய வேகத்தில் பாதிதான் எனக்குப் பிடிபட்டது. போர்னியோவில் காடு எரிகிறது. தாயைக் கொன்று குட்டியை விற்கிறார்கள். மீட்ட குட்டிகளுக்கு மரமேறப் பழக்கித் திரும்பவும் காட்டில் விட ஒரு நிலையம் இருக்கிறது, அதற்குப் பிள்ளைகள் உதவ வேண்டும். ஏன் எரிக்கிறார்கள் என்பதை வீட்டுக்கு வந்தபின் மகள்தான் சொன்னாள், வழக்கம்போல ஆங்கிலத்தில். பாம் மரம் நடுவதற்காம்.

பாம் என்றால் எனக்குப் பனைதான். வந்ததே கோபம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவளிடம் வந்து பனையைக் குறை சொல்வதா?

"பனை ஒருத்தருக்கும் கெடுதல் செய்யாது. கிழங்கு, பனாட்டு, ஓலை எல்லாம் தாற மரம். போய் உங்கட டீச்சரிட்டைச் சொல்லு."

சொன்னதைச் செய்யும் பிள்ளை. மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று அப்படியே சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம். அழுதுகொண்டு வந்தாள்.

நியாயம் கேட்க அவளையும் கூட்டிக்கொண்டு கீழ்வீட்டுக்கு இறங்கினேன். த்ரீ கிங்ஸ் என்ற புறநகரில் நாங்கள் மேல்வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழே மலேசியத் தமிழ் அக்கா ஒருவர் தனியாக இருந்தார். கணவருக்கு இன்னும் விசா வரவில்லை. பிள்ளைகள் இல்லை. நான் கடையில் பின்னேர வேலைக்குப் போவதால், பள்ளி விட்டதும் மகள் அவரிடம்தான் போவாள். தலை பின்னிவிட்டு, ஊட்டிவிட்டு, என் பிள்ளையை அவர் கெடுத்த கெடுப்பு கொஞ்சநஞ்சமல்ல. எனக்கு உள்ளூரப் பொறாமைகூட இருந்தது.

கதையைக் கேட்டு அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஐயோ தங்கச்சி, அது உங்க பனை இல்ல. செம்பனை. எண்ணெய் எடுக்கிறது. நான் பொறந்து வளர்ந்ததே செம்பனைத் தோட்டத்துலதான்."

சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரரும் போர்னியோவுல அந்த வேலைதான் செய்யுறாரு. புல்டோசர் ஓட்டுறாரு. காட்டைத் தள்ளினாத்தானே செம்பனை நட முடியும்?"

பெரியவர்கள் தமிழில் பேசினால் பிள்ளை காதுகொடுக்க மாட்டாள் என்ற தைரியம் எங்கள் இருவருக்கும். ஆனால் பனை என்ற சொல்லுக்காக அன்று அவள் பட்ட அவமானம் கொஞ்சமா? காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். எழுந்து விறுவிறுவென்று மேலே போய்விட்டாள்.

அதன்பிறகு அக்கா வீட்டுக்குப் போக மாட்டேன் என்றாள். நான் அதட்டினேன், கெஞ்சினேன். பள்ளி விட்டு வந்து எங்கள் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருப்பாள். அக்கா தட்டில் சோற்றைக் கொண்டுவந்து ஒரு படி தள்ளி வைத்துவிட்டு, கதவைத் திறந்தபடி உள்ளே இருப்பார். அவர் முகம் வாடிப்போனது. "எம் புருசன் வேணும்னா செய்யுறாரு? வேற என்ன வேலை இருக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கணவர் தொலைபேசியில் அழைப்பார். ஒரு ஞாயிறு மகளைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கீழே கூட்டிப்போனேன். மணி அடித்தது. அக்கா கொஞ்சம் பேசிவிட்டு, சட்டென்று ரிசீவரை அவளிடம் நீட்டினார்.

"என்கிட்ட கோவிச்சு என்ன கண்ணு? நீயே அங்கிளைக் கேளு."

அவருக்கு ஆங்கிலம் ஓடாது என்பது மகளுக்குத் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டு சொற்களைத் தேடினாள்.

"அங்கிள், மரத்தைத் தள்ளாதேங்கோ. மேல அம்மாவும் பேபியும் இருக்கினம்."

தூரத்து அழைப்பு என்பதால் அவர் எப்போதும் கத்தித்தான் பேசுவார். எங்களுக்கும் கேட்டது.

"இல்லம்மா, அங்கிள் ஹார்ன் அடிச்சிட்டுத்தான் தள்ளுவேன். சத்தம் கேட்டா ஓடிடும்."

அவள் யோசித்தாள்.

"அப்ப அவை எங்க போவினம்?"

எங்கள் ஊர்ப் பேச்சில் மிருகங்களை 'அதுகள்' என்போம். 'அவை போவினம்' என்பது மனிதர்களைப் பற்றிச் சொல்வது. அவளுடைய தமிழில் பிழை கண்டால் உடனே திருத்துகிறவள் நான். அன்று திருத்தவில்லை. யாழ்ப்பாணத்தில் சண்டை வந்தபோது, ஊரைவிட்டுப் போகச் சொல்லி எங்களுக்கும் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இவளைத் தூக்கிக்கொண்டு சனத்தோடு சனமாக நடந்தேன். எங்கே போவதென்று யாரும் சொல்லவில்லை.

தொலைபேசியில் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அக்கா ரிசீவரை வாங்கினார்.

"புள்ள கேக்குதுல்ல, பதில் சொல்லுங்க" என்றார். அக்காவின் கண்கள் நிறைந்துவிட்டன. "தெரியலைன்னாவது சொல்லுங்க" என்றார்.

"தெரியலம்மா" என்று கேட்டது. இம்முறை அவர் கத்தவில்லை.

மகள் அக்காவின் பக்கத்தில் போய் நின்று, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.