செம்புப் பெட்டியில் வெள்ளைத் தூள்

பிரபஞ்சமெங்கும் கண்ணுக்குத் தெரியாமல் நிறைந்திருப்பதாகச் சொல்லப்படும் கரும்பொருளைத் தேடுவது என் பிழைப்பு. பூமிக்கடியில், கைவிடப்பட்ட சுரங்கம் ஒன்றில், ஒரு படிகத்தை இதற்குமேல் குளிராது என்கிற அளவுக்குக் குளிரவைத்துவிட்டு, ஏதாவது துகள் வந்து முட்டி அதை இம்மியளவு சூடாக்காதா என்று காத்திருக்கிறோம். இதுவரை ஒன்றும் வரவில்லை. வராததைத் துல்லியமாக அளந்ததற்குத்தான் எங்களுக்கு இத்தனை மரியாதை.

படிகத்தை வைக்கும் செம்புப் பெட்டியைத் திண்டுக்கல்லில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் தாய்மாமா செய்து கொடுத்தார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லி மாளவில்லை அவருக்கு. குளிரவைத்ததும் கருவியில் துடிப்பு துடிப்பாக வந்தது. பத்து நாள் என் கால் தரையில் படவில்லை. பிறகு திறந்து பார்த்தால், மூடியின் உட்புறம் வெள்ளைத் தூள். சோதித்ததில் சாம்பல், அதிலுள்ள பொட்டாசியத்தின் கதிர்வீச்சுதான் அத்தனை துடிப்பும். பெட்டி தயாரானது ஆயுத பூஜை வாரத்தில். வேறு சாட்சி எதற்கு? இனி அந்தப் பட்டறைக்கு வேலை தரக்கூடாது என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதை மாமாவிடம் நேரிலேயே சொல்ல ஊருக்கு வந்தேன்.

அவர் அடுத்த பெட்டியையும் முடித்து மேசைமேல் வைத்திருந்தார். அதன்மேல் குனிந்தபடி ஆரம்பித்தேன்.

"விபூதி பூசலைன்னா எதுவும் ஓடாதா மாமா? பிரபஞ்சத்துக்கே பட்டை போட்டுட்டீங்களே!"

"இல்லத்தா. எல்லா மிஷினுக்கும் வச்சேன். ஒம் பெட்டிக்கு மட்டும் வைக்கல. நீ சொன்ன மாதிரி அம்புட்டுப் பேரும் கையுறை போட்டுத்தான் தொட்டோம்."

"அப்ப அந்தச் சாம்பல் வானத்துலருந்து விழுந்துச்சா?"

மாமா ஒரு துணியை எடுத்து மூடியைத் துடைத்தார். நான் பேசப் பேச, என் நெற்றி விபூதி அதன்மேல் உதிர்ந்துகொண்டிருந்தது.

"செத்த தள்ளி நின்னு திட்டுத்தா" என்றார்.

குளித்ததும் நெற்றிக்குப் போகிற கை, சுரங்கத்துக்குக் கிளம்பும்போதும் போயிருக்கிறது. கைக்கு உறை, வாய்க்கு மூடி என்று எல்லோரையும் விரட்டிய மேதை, தன் நெற்றியை மட்டும் பார்க்கவில்லை. சுரங்கத்தில் அந்த முதல் பெட்டியைக் குனிந்து மூடியதும் நான்தான்.

பட்டறைமேல் தவறில்லை, தூள் என் நெற்றியிலிருந்து விழுந்தது என்று அன்றே எழுதி அனுப்பினேன். படித்துச் சிரிக்கப்போகிறவர்களை நினைத்தால் உடம்பெல்லாம் கூசியது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். முதல் கடிதத்தைப் பற்றி மாமாவிடம் சொல்லத்தான் இன்றுவரை தைரியம் வரவில்லை.