வளர்ப்பவரின் கையொப்பம்

ஒப்பந்தம் முடிய ஒரு கிழமைதான் இருந்தது. புதியதில் கையெழுத்திட நான் மறுத்துவிட்டேன்.

அப்போது வவுனியாவில், பள்ளிப் பிள்ளைகளின் அரச மருத்துவக் காப்புறுதியைக் கவனிக்கும் பிரிவில் இருந்தேன். பணம் அரசினுடையது, க்ளெய்ம் பார்த்துக் கொடுப்பது ஒரு தனியார் கொம்பனி. அவர்களோடு ஆண்டுதோறும் ஒப்பந்தம் பேசுவது என் வேலை. அந்த முறை என்னை மறித்தது ஒரே ஒரு சரத்து. படிவத்தில் தாய் அல்லது தகப்பன்தான் ஒப்பமிட வேண்டுமாம்.

விசுவமடுவில் கவினி என்றொரு பிள்ளை. காதுக்கு மெஷின் வேண்டுமென்று டொக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். தகப்பன் உயிரோடு இல்லை. தாய் குவைத்தில் வீட்டுவேலை. வளர்ப்பது சின்னம்மா. அவரது ஒப்பம் செல்லாதென்று க்ளெய்மைத் திருப்பிவிட்டார்கள்.

"தாய் எம்பசிக்குப் போய் ஒரு கடிதம் எடுத்து அனுப்பலாம்தானே, மிஸ்?" என்றார் கொம்பனி மனேஜர்.

"வாசலுக்கே விடாத வீட்டில நிக்கிறா. நீங்களோ கூட்டிக்கொண்டு போகப்போறியள்?" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அடுத்த பேச்சுக்கு மனேஜர் வந்திருந்த நேரம், சின்னம்மாவும் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

"எங்கட பிள்ளையாலதான் எல்லாம் நிக்குதாம். ஒப்பரேசனுக்குக் காத்திருக்கிற பிள்ளையளும் இருக்குதுகள். நீங்கள் கையெழுத்து வையுங்கோ, மிஸ். ரீச்சர் படிப்பிக்கிறதை நான் வீட்டில கத்திக் கத்திச் சொல்லிக் குடுக்கிறன்."

அவரது தொண்டை கட்டிப்போயிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனேஜர் கேட்டார்: "வளர்க்கிறது இவாதான் எண்டு கிராம சேவகர் எழுதித் தருவாரோ?"

"ஓம், தருவார்," என்றேன்.

அந்தக் கடிதம் இருந்தால் வளர்ப்பவரின் ஒப்பமும் செல்லும் என்று சரத்தை மாற்றக் கொம்பனியின் தலைமை அலுவலகம் சம்மதிப்பதற்குள் பழைய ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டது. அந்த இடைவெளியில் நெடுங்கேணிப் பிள்ளை ஒன்றின் சத்திரசிகிச்சை தள்ளிப்போனது. பிறகு நல்லபடியாக நடந்தது. ஆனாலும் அந்தத் தகப்பன் இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்கள், சரத்து எழுதுமுன் அந்தப் பிள்ளைக்கு வீட்டில் சோறு போடுவது யாரென்று கேளுங்கள். பிடிவாதம் பிடிக்க வேண்டி வந்தால் பிடியுங்கள். அதனால் யாருக்கு நோகும் என்பதையும் தெரிந்துகொண்டு பிடியுங்கள்.

கவினிக்கு மெஷின் பூட்டிய அன்று நானும் போயிருந்தேன். சின்னம்மா பழக்கதோஷத்தில், "கவினி, கேக்குதோ?" என்று கத்தினார்.

பிள்ளை திடுக்கிட்டுக் காதைப் பொத்தியது.

"ஏன் சின்னம்மா கத்துறியள்? மெல்லமாக் கதையுங்கோ."