ரோட்டிலிருந்து ஒரு கூ

இன்று மாலை பஸ்ஸை விட்டு இறங்கியதும் கொழுந்து லொறி ஒன்று என்னை உரசிக்கொண்டு போனது. லொறிக்காரனைக் குறை சொல்ல முடியாது; ரோடு அந்த இடத்தில் அவ்வளவு ஒல்லி. நான் மதகோடு பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றேன். லொறி வளைவில் மறைந்த பிறகு அதன் வாசம் மட்டும் பின்தங்கி வந்தது. பறித்த தேயிலைக் கொழுந்து சாக்குக்குள் அடைபட்டு லேசாகச் சூடேறும்போது வருமே, பச்சையும் புளிப்புமாக ஒரு வாசம், அதுதான். நுவரெலியாவுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் வானை நிறுத்தி, கண்ணை மூடி, அதை மூக்கு நிறைய இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். இழுக்கட்டும், பாவம். நான் அந்த வாசம் பட்டால் மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

என் மனைவி செல்வி அந்த வாசத்தின் மேல் படுத்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

நான் ஹட்டன் டவுனில் ஒரு துணிக்கடையில் சேல்ஸ்மேன். சேலையை விரித்துக் காட்டுவது பாதி வேலை, சிரிக்க வைப்பது மீதி வேலை. சிரித்துவிட்ட பெண்பிள்ளை வெறுங்கையோடு கடை இறங்கமாட்டாள் என்பது எங்கள் முதலாளியின் கண்டுபிடிப்பு. கடையில் தொடங்கிய அந்தக் கேலி என்னோடு பஸ் ஏறி, திம்புள்ளப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகள் வரைக்கும் வந்துவிட்டது. தீபாவளிக்கு லயத்துக்கெல்லாம் டீவி கொடுக்கிறார்கள் என்று ஒரு புரளியைக் கிளப்பி, நல்ல சேலை கட்டிக்கொண்டு எல்லோரையும் தோட்டத்து ஆபீஸ் வாசலில் நிற்க வைத்த பெருமை என்னுடையது. அப்படிப்பட்டவன் ஒரு லீவு நாள் மத்தியானம், சாரத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்து, "செல்விக்கு மூச்சு முட்டுது, யாராச்சும் வாங்க!" என்று கத்தினால் என்ன நடக்கும்?

பக்கத்துக் காம்பரா வீட்டு ராணி கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

"அண்ணே, இன்னைக்கு என்ன நாடகம்? டிக்கெட் எங்க எடுக்கணும்?"

நான் அழுதேன். "அட, அழுகக்கூட நல்லா வருது ஒங்களுக்கு" என்று அதையும் பாராட்டினாள். பிறகு தற்செயலாக என் காலைப் பார்த்தாள். ஒரு காலில் என் செருப்பு, மறு காலில் செல்வியின் செருப்பு. அவளுடையது சின்னது, என் குதிகால் வெளியே சேற்றில் இருந்தது.

"ஐயோ, நெசமாத்தானா!" என்று உள்ளே பாய்ந்தாள். நான் சொல்லி நம்பாதவளை ஒரு ரப்பர் செருப்பு நம்ப வைத்தது.

காய்ச்சலோடுதான் சில நாட்களாகச் செல்வி மலைக்குப் போய்க் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். பனடோல் போட்டால் போய்விடும் என்றாள். நானும் பனடோலை நம்பினேன். இப்போது தூக்கி நிறுத்தினால் கால் நிற்கவில்லை. கண் மஞ்சளாக இருந்தது. ஆட்டோ தேட நேரமில்லை. லயத்துக்குக் கீழே கொழுந்து ஏற்றிக்கொண்டு ஒரு லொறி நின்றது. டிரைவர் ஒன்றும் கேட்கவில்லை, "ஏத்துங்கண்ணே" என்றார். ராணியும் நானுமாகச் செல்வியைத் தூக்கிச் சாக்குகளின் மேல் கிடத்தினோம். மெத்தை மாதிரி இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"இங்க பாருங்க, கொழுந்து மேல படுக்க வைக்காதீங்க. கசங்கிரும். கண்டாக்கையா ஏசுவாரு."

சொல்லிவிட்டு வெறும் பலகைக்கு நகரப் பார்த்தாள். நான் விடவில்லை. தலையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வழி முழுக்க அந்த வாசம். செல்வியின் பழைய குரலில் நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான். இத்தனை வருசம் குடித்தனம் நடத்திய மனுசனுக்கு ஒரு வார்த்தை இல்லை, மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கையாவுக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் எலிக்காய்ச்சல் என்றார்கள். பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், எனக்கு வாய் ஓடும். "எங்க வீட்டுல பூனை இருக்கே, டொக்டர்" என்றேன். டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண், சின்ன வயது. சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்தாரோ.

"ஐயா, பயப்பிடாதேங்கோ. தொண்டைக்குள்ள ரியூப் போட்டு மெசின்தான் இப்ப மூச்சு குடுக்குது. கொஞ்சம் கொஞ்சமாத் தேறி வருவா."

"பேசுவாளா?"

"ரியூப் எடுத்தாப் பிறகு. குரல் மாறினாலும் மாறும். முதல்ல உயிர், ஐயா. குரலைப் பிறகு பாப்பம்."

எங்கள் பக்கத்தில் 'ங்க'வோடு நிற்கும் மரியாதை அவர் வாயில் 'ங்கோ' என்று கொஞ்சம் நீண்டது. அந்த நீட்டலைப் பிடித்துக்கொண்டுதான் அன்றைக்கு நான் படியிறங்கினேன்.

காத்திருப்பதற்கு முற்றத்தில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. டெட்டோல் வாசமும் யாரோ பிரித்த சம்பல் பணிஸ் ரொட்டி வாசமும் அங்கே ஒன்றாகக் கிடக்கும். இன்றைக்கும் எனக்குச் சம்பல் பணிஸ் இறங்காது. கினிகத்தேனைக்காரர் ஒருவர், கந்தப்பளையிலிருந்து தாயைக் கொண்டுவந்த ஒருவர், நான். மாடியிலிருந்து யார் வேகமாக இறங்கினாலும் எனக்குத்தான் செய்தி என்று எழுந்து நிற்பேன். வெற்றிலை வாங்க இறங்கிய ஆஸ்பத்திரி ஊழியரை ஒருமுறை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். அவர் பயந்துபோய் எனக்கும் ஒரு வெற்றிலை கொடுத்தார்.

கந்தப்பளைக்காரர் பிளாஸ்கிலிருந்து பிளேன்டீ ஊற்றித் தருவார். நல்ல மனுசன், ஆறின டீ. அதைக் குடிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் கேத்தல் ஞாபகம் வரும்.

கேத்தல் கதையைச் சொல்லியாக வேண்டும். பஸ் நிற்கும் இடம் கீழே, லயம் மேலே, நடுவில் மூச்சு வாங்க வைக்கும் படிகள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் வாயருகே கையைக் குவித்து ஒரு கூ கொடுப்பேன். மேலேயிருந்து செல்வியின் கூ வரும். மலைக்கு மலை கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. பாதியில் உடைந்து, பிறகு இன்னும் மேலே ஏறும். அந்தச் சத்தம் வந்தால் கேத்தல் அடுப்பில் ஏறிவிட்டது என்று அர்த்தம். நான் ஏறி முடிக்கவும் தண்ணீர் கொதிக்கவும் சரியாக இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கூ இருந்தது. மூடுபனியில் முன்னால் போகிறவனின் முதுகுகூடத் தெரியாத நாட்களிலும், எந்தக் கூ எந்த வீட்டுடையது என்று யாருக்கும் குழம்பியதில்லை.

ஒருவழியாக ரியூபை எடுத்துச் செல்வியை வாட்டுக்கு மாற்றினார்கள். பெண்கள் வாட்டு மாடியில். ஆம்பிளைகளுக்குப் பார்வை நேரத்தில் மட்டும்தான் அனுமதி. முதல் நாள் ஓடிப்போய்ப் பார்க்கிறேன், கட்டில் காலி. அதே கட்டிலில் உட்கார்ந்து, கடையில் சிரித்த சிரிப்புக்கெல்லாம் சேர்த்து அழ ஆரம்பித்தேன்.

பக்கத்துக் கட்டில் அம்மா எட்டி என் முழங்கையைத் தட்டினார். "தம்பி, அந்தப் புள்ள பாத்ரூம் போயிருக்கு. மொதல்ல எந்திரிங்க, பெட்ல குந்தினா மிஸ்ஸி ஏசுவாங்க."

நர்ஸ் மிஸ்ஸியின் தோளைப் பிடித்தபடி செல்வி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். உதடு அசைந்தது. காற்றுத்தான் வந்தது. அந்த அம்மா மொழிபெயர்த்தார்: "செருப்ப மாத்திப் போட்டீங்களான்னு கேக்குது." ராணி அதற்குள் செய்தி அனுப்பிவிட்டிருக்கிறாள்.

அன்றைக்கு வெளியே அனுப்பியதும் முற்றத்தில் நின்று மாடியைப் பார்த்தேன். யோசித்துச் செய்யவில்லை, கீழே நின்று மேலே பார்த்தால் என் கை தானாகக் குவியும். கூ கொடுத்துவிட்டேன். செக்குரிட்டி ஓடிவந்தார், வயதான சிங்கள ஆள். "மொகத மே!" என்றார், என்ன இது என்ற அதட்டலில். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மனைவி, கேத்தல், படி எல்லாவற்றையும் போட்டுக் கலக்கினேன். என்ன புரிந்ததோ, தலையை ஆட்டிவிட்டுப் போனார். மறுநாள் நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றபோது அவரே கிட்ட வந்தார்.

"இன்னிக்கு கூ இல்லயா? சின்னதா குடு. நான் அந்தப் பக்கம் பாக்கிறது."

உண்மையிலேயே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் கொடுத்தேன். கொஞ்சம் கழித்து மாடி ஜன்னலில் செல்வியின் முகம் வந்தது. கையைக் குவித்தாள். வாய் வட்டமாகத் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது எனக்குக் கீழேயிருந்தே தெரிந்தது. சத்தம் வரவில்லை.

"வரும், ஐயா," என்றார் செக்குரிட்டி, திரும்பாமலே. "மெதுவா வரும்."

செல்வி வீட்டுக்கு வந்துவிட்டாள். குரல் வரவில்லை. கிட்ட உட்கார்ந்தால் கேட்கிற அளவுக்கு ஒரு கீச்சுக்குரல், அவ்வளவுதான். கேலி செய்தால் சிரிக்கிறாள், காற்று மட்டும் வருகிற சிரிப்பு. நான் வேலைக்குத் திரும்பி, பழைய மாதிரியே கீழேயிருந்து கூ கொடுத்துக்கொண்டிருந்தேன். பதில் வராது என்று தெரியும். அவளுக்குக் கேட்டால் போதும், கேத்தல் ஏறுமே என்று நினைத்தேன். ஒரு நாள் ராணி படியிலேயே என்னை மறித்தாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

"அண்ணே, இனிமே கூப்புடாதீங்க. நீங்க கூப்புட்டதும் அக்கா பதில் குடுக்கப் பாத்து, எக்கி எக்கி இருமுறாங்க. பாக்க முடியல."

அதோடு நிறுத்திவிட்டேன். இப்போது பஸ் வளைவில் திரும்பும்போதே ஒரு மிஸ்ட் கோல். செல்வி லயத்துக் கோடியில் வந்து நின்று கையைத் தூக்கிக் காட்டுவாள். டீ அதே சூட்டில் இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. மற்ற வீடுகளிலும் போன் வந்துவிட்டது. சாயங்காலத்தில் எங்கள் மலையில் இப்போது நாய் குரைப்பதும் லொறி ஏறுவதும்தான் கேட்கும்.

இன்று லொறி போன பிறகு மேலே பார்த்தேன். லயமும் இல்லை, மலையும் இல்லை, எல்லாம் மூடுபனி. போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. இப்படிப்பட்ட நாட்களுக்காகத்தானே அந்தக் குரல் இருந்தது. கை தானாக வாயருகே குவிந்துவிட்டது. குவித்த கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, கேத்தல் ஏறியதா இல்லையா என்று தெரியாமலே படியேறத் தொடங்கினேன்.